வாசலில் பார்த்த மயில்கழுத்து

சேலத்தில் புடவை எடுக்கப் போகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கடைக்குள் எத்தனை லைட் எரிந்தாலும், ஒரு புடவை மனசுக்குப் பிடித்துவிட்டால் "வெளிச்சத்துல பாத்துக்கறேங்க" என்று வாசலுக்கு எடுத்து வந்துவிடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான். 14 வருடமாகப் போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன். அம்மா ஏன் வாசலுக்கு வந்தார் என்பது புரியவே அதில் பாதி போய்விட்டது.

நான் தொழில் கற்றது அம்மாப்பேட்டையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில். இரண்டு குடை லைட், முகத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டுக்கும் ஒரே பவர். பாஸ்போர்ட் போட்டோவா, காதுகுத்தா, வரவேற்பு மேடையா, எல்லாவற்றுக்கும் அதுதான். முகத்தில் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இளம்பிள்ளைப் பக்கம் புடவைக்காரர்கள் போனிலேயே விற்க ஆரம்பித்தபோது எனக்கும் கேட்டலாக் வேலை வந்தது. அதே இரண்டு குடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒரு மயில்கழுத்துப் பட்டில் மாட்டிக்கொண்டேன். படம் ஏற்றிய பத்து நாளில் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, போட்டோவுல பாசி பிடிச்ச மாதிரி தெரியுது. கைக்குப் போனா வேற கலரா இருக்குதுங்கறாங்க. வரிசையா திருப்பி அனுப்பறாங்க."

பார்க்கிறவர்களின் போன் திரைமேல் பழி போட்டேன். நிறம் மாறாமலிருக்கக் கேமராவில் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் சரியாகத்தான் இருந்தது, அதற்கான சாம்பல் நிற அட்டையை (கிரே கார்டு) வைத்துத்தான் எடுத்திருந்தேன். கடைக்காரர் வாக்குவாதத்துக்கு நிற்கவில்லை. அந்தப் புடவையை நெய்தவர் வீட்டுக்கே என்னைக் கூட்டிப்போனார்.

குழித்தறி போட்ட வீடு. தறிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல். பெரியவர் புடவையை வாங்கினார், வாசற்படிக்கு வந்தார், முந்தானையை இரண்டு விரலில் தொங்கவிட்டு மணிக்கட்டை மட்டும் லேசாகத் திருப்பினார். மடிப்பின் மேடு பச்சையாக மின்னியது, பள்ளத்தில் நீலம் இறங்கியது. இன்னொரு திருப்பு, மேட்டில் நீலம்.

"பாவு நீலம், ஊடை பச்சை. நீ எப்படி எடுத்த கண்ணு?"

சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் லைட்டு வெச்சா அது எந்தப் பக்கம் திரும்பும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பட்டு நூல் ஒரு மெல்லிய உருளை. தன் நீளவாட்டுக்குக் குறுக்கே வரும் வெளிச்சத்தைத்தான் அது பளிச்சென்று திருப்பித் தரும். பாவு நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே ஓடும் நூல்; இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடுவதால், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் ஒரு நேரத்தில் ஒரு நூல் முந்தும். துணி மடங்கும் இடத்தில் மற்றது முந்தும். நானோ இரண்டு பக்கமும் சமமாக அடித்து, நீலத்தையும் பச்சையையும் ஒரே சேறாகக் குழப்பியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் ஒரு வாசல் கட்டினேன். 8 அடிக்கு 6 அடி வெள்ளைத் துணி, அதற்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்ட்ரோப், அதாவது ஸ்டுடியோ ஃப்ளாஷ். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்க வெள்ளைத் தெர்மாகோல் வைக்கிற பழக்கத்தை விட்டுக் கறுப்புத் துணி தொங்கவிட்டேன். அளவு அவ்வளவு பெரிதாக இருக்கக் காரணம் உண்டு. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கட்டியிருப்பவரின் தோளுக்கும் கொசுவத்தின் அடிக்கும் அதன் வெளிச்சம் ஒரே அளவு. ஸ்டுடியோ லைட் அப்படி இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். தோளுக்குப் பக்கத்தில் வைத்தால் கீழ்க்கரை இருண்டுபோகும். தள்ளி வைத்தால் லைட் சின்னதாகி நிழல் கத்தி மாதிரி வெட்டும். தள்ளியும் வைக்க வேண்டும், இதமாகவும் விழ வேண்டும் என்றால் துணியைப் பெரிதாக்குவதுதான் வழி.

அப்படியானால் நேராக வாசலிலேயே எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். ஒரு புடவை, ஒரு முகம் என்றால் நானும் வாசலுக்குத்தான் போவேன். ஒரு நாளைக்கு 60 புடவை என்றால் முடியாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வோம், எண் குறைந்தால் சிவப்பு ஏறும், கூடினால் நீலம் ஏறும். நடுப்பகல் வெயில் 5500 கெல்வின் சுமாருக்கு இருக்கும், திறந்த நிழல் 7000-ஐத் தாண்டும், பொழுது சாயும்போது 3500-க்கும் கீழே இறங்கும். காலையில் எடுத்த அரக்கும் சாயங்காலம் எடுத்த அரக்கும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் வேறு வேறு புடவை மாதிரி தெரியும்.

ஏற்காட்டில் நான் படித்த பாடம் இதற்கு நேர் எதிர்: லைட் போடாமல், இருக்கிற வெளிச்சத்தைக் குறைப்பது. திருமணத்துக்கு முந்தைய போட்டோ என்றால் சேலத்து ஜோடிகளுக்குச் சேர்வராயன் மலைதான். மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைத் தாண்டித்தான் மலைக்குப் போவேன். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ அது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் அவர்கள் எடுத்தது. அந்தக் காலக் கலர் பிலிமுக்கு வெளிச்சம் கொட்டிக் கொடுக்க வேண்டும். அத்தனை விளக்குச் சூட்டில் நின்றவர்களை நினைத்துக்கொள்வேன்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் பனி. பனியைப் பார்த்ததும் எல்லோரும் "சூப்பர் வெளிச்சம்" என்பார்கள். லைட்டை இதமாக்க முன்னால் துணி கட்டிய பெட்டியைச் சாஃப்ட்பாக்ஸ் என்போம். மலையே ஒரு சாஃப்ட்பாக்ஸ் மாதிரிதான், ஆனால் எல்லாப் பக்கமிருந்தும் வரும் சாஃப்ட்பாக்ஸ். ஒருமுறை காப்பித் தோட்டத்தில் ஒரு மாப்பிள்ளையை எடுத்தேன். நல்ல கறுப்பு, செதுக்கின மாதிரி தாடை. படத்தில் முகம் சாம்பல் பூசினது போல இருந்தது. சில்வர் ஓக் இலை வழியே இறங்கிய பச்சை வேறு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. பார்த்த பெண் வீட்டு அத்தை, "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுத்துருங்க தம்பி" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு வலிக்கும். கறுப்புத் தோலுக்குக் குறை ஒன்றுமில்லை. அதன் அழகு மினுக்கத்தில் இருக்கிறது. பட்டு மாதிரியே அதுவும் ஒரு பக்கத்து வெளிச்சம் கேட்கும். அன்று லைட் போடவில்லை. மரத்தடியை விட்டு வெட்டவெளிக்கு வந்தோம். உதவிப் பையனிடம் கறுப்புக் குடையை விரிக்கச் சொல்லி, மாப்பிள்ளையின் இடது காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வைத்தேன். அந்தப் பக்கத்து வெளிச்சத்தைக் குடை குடித்துவிட்டது. தாடை எழுந்தது, நெற்றியில் மினுக்கம் வந்தது, கண்ணில் ஒரு பொட்டு வெள்ளை நின்றது. கேமராத் திரையில் காட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இப்போது என் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தத் துணி வந்தாலும், யார் வந்தாலும், முதலில் வாசல். துணியைத் திருப்பிப் பார்ப்பேன், முகம் என்றால் அவரை நிற்கவைத்து நான் சுற்றி வருவேன். எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே ஸ்விட்சைப் போடுவேன். போன வாரம் ஒரு இரட்டை வண்ணப் பட்டு இருட்டின பிறகு வந்தது. ராத்திரியே படம் ஏற்ற வேண்டும் என்று கடைக்காரர் நின்றார். காலையில் ஏழு மணிக்கு வாங்க என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனவர், ஆறே முக்காலுக்கே வந்து வாசலில் நின்று, புடவையை அவரே பிரித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.