கிளிப் கழற்றியாச்சு

மகள் நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். "வழவழன்னு இருக்கும்மா!"

இன்றைக்குத்தான் கிளிப்பைக் கழற்றினார்கள்.

டாக்டர் கையோடு ரீட்டெய்னர் கொடுத்தார், பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்க. மெல்லிய, நிறமே இல்லாத பிளாஸ்டிக். அவளுடைய முன்பல் ஓரத்தில் சின்னதாக உடைந்திருக்கும் அந்த மூலைகூட அதில் அப்படியே பதிந்திருக்கிறது. கீழ்ப்பற்களுக்குப் பின்னால் சன்னமான கம்பி ஒன்றும் ஒட்டியிருக்கிறார்கள்.

"இனிமேதாம்மா முக்கியமான வேலையே" என்றார்.

பல் புது இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதைப் பிடித்திருக்கும் ஈறு நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். அவை அடங்க ஒரு வருடம்கூட ஆகலாம். அப்புறமும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கியடிக்கும், கிளிப்பே போடாதவர்களுக்கும்கூட. அதனால்தான் ரீட்டெய்னரை இரவில் மட்டுமாவது வருடக்கணக்கில் போடச் சொல்கிறார்கள்.

இதைக் கிளிப் மாட்டும் முன்பே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். அத்தனை வலியைப் பொறுத்த பிள்ளைகள், 'முடிஞ்சது' என்று டப்பாவை மூலையில் போட்டுவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

ரீட்டெய்னரை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். ஹோட்டலில் கழற்றினால் டிஷ்யூவில் சுற்றி வைக்காதீர்கள், எச்சில் இலையோடு போய்விடும். சில நாள் விட்டுப் போடும்போது இறுக்கிப் பிடித்தால் பல் நகர ஆரம்பித்திருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.