விடுகைப் பத்திரத்தில் கை வைக்காதீர்கள்: ஏ.எல் படித்துக்கொண்டே என்.வி.கியூ

“லீவிங் இல்லாமல் ஃபைல் திறக்கேலாது அம்மா. கொண்டு வாங்கோ.”

தரம் 12 படிக்கிற பிள்ளைக்கு என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழுக்கான வார இறுதித் தொழிற்பயிற்சியில் இடம் கேட்டுப் போனால், கவுண்டரில் முதலில் விழுகிற வசனம் இது. மகளுக்காகப் போன எங்களுக்கும் இதுதான் விழுந்தது. லீவிங் என்றால் விடுகைப் பத்திரம். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அந்த லிகிதர் கையில் வைத்திருந்த ஆவணப் பட்டியல் பள்ளியை விட்டு விலகியவர்களுக்காகத் தயாரித்தது. பள்ளியில் இருந்துகொண்டே ஒரு பிள்ளை வரக்கூடும் என்று அதில் இடமே இல்லை.

தயவுசெய்து அதை நம்பி அதிபரிடம் ஓடாதீர்கள். விடுகைப் பத்திரம் எடுத்த அன்றே சேர்வுப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் வெட்டப்படும். பிறகு ஏ.எல் எழுதுவதென்றால் தனிப்பட்ட பரீட்சார்த்திதான். திரும்பச் சேர்க்கப் போனால் வலயக் கல்விப் பணிமனை வரைக்கும் இழுபடலாம்.

அதற்குப் பதிலாகக் கொடுக்க வேண்டியது அதிபரின் கடிதம். “இவர் எமது பாடசாலை மாணவி” என்ற ஒற்றை வரிக் கடிதம் திரும்பி வந்துவிடும். பள்ளியின் கடிதத் தாளில் பிள்ளையின் முழுப்பெயர், சேர்விலக்கம், பிறந்த திகதி, தரமும் பிரிவும், “பாடசாலை நேரத்துக்குப் புறம்பாக இப்பயிற்சியைப் பெற ஆட்சேபனை இல்லை” என்ற வசனம், அதிபரின் கையொப்பம், பதவி முத்திரை, திகதி எல்லாம் இருக்க வேண்டும். பிறந்த திகதி இல்லாத கடிதம் ஒன்று எங்களுக்கு ஒரு முழுநாளைத் தின்றது. 18 வயதுக்குக் குறைந்தவர் என்பதால் பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும் கேட்காமலே சேர்த்துக் கொடுங்கள். லிகிதர் பிறகும் மறுத்தால் அங்கேயே நின்று வாதாடிப் பயனில்லை. நிலையப் பொறுப்பதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். எங்கள் கடிதத்தை அவர் வாசித்து முடித்த கையோடு ஃபைல் திறபட்டது.

இதற்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகிற கற்கைநெறி என்.வி.கியூவுக்குத் தராதர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பதிவு இலக்கத்தைப் பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் காசு கட்டினால் கடைசியில் கிடைப்பது நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் மட்டுமாகப் போகலாம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் மாவட்ட வாரியாகத் தேடலாம். நிலையம், கற்கைநெறி, என்.வி.கியூ மட்டம் மூன்றும் பொருந்துகிறதா, அங்கீகாரக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

பள்ளியோடு சேர்த்துத் தாங்கக்கூடியது மட்டம் 3 தான். கணினிப் பிரயோக உதவியாளர் போன்ற கற்கைநெறிகளைச் சனி, ஞாயிறில் முடிக்கலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தின் முழுநேரக் கற்கைகளை ஏ.எல் முடித்த பிறகு யோசியுங்கள். பள்ளிகளில் 2017 இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவோடும் இதைக் குழப்ப வேண்டாம். அது ஏ.எல் பாடங்களுக்குப் பதிலாகப் படிப்பது. அதில் பயிற்சிக்கு அனுப்புவதைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த தலையிடி பெயர். பள்ளிப் பதிவேடு, ஓ.எல் பெறுபேறு, அடையாள அட்டை மூன்றிலும் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தர்சினி என்ற பெயர் ஒன்றில் ‘ரி எச்’ஆகவும் இன்னொன்றில் ‘டி எச்’ஆகவும் நிற்கும். படிவத்தை அடையாள அட்டையில் உள்ளபடியே நிரப்புங்கள், ஏனென்றால் சான்றிதழில் அச்சாவது அதுதான். இப்போது ஏ.எல் படிக்கிற எங்கள் பிள்ளைகளில் பலர் 2008, 2009 இல் பிறந்தவர்கள். அந்த நேரம் வன்னியில் பிறப்புப் பதிவு எப்படி நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. காலங்கடந்த பதிவென்றால் பிறந்த இடமும் தகப்பன் பெயரும் சரியாக விழுந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் அதற்கு மாதக்கணக்கு ஓடும். விண்ணப்ப முடிவுத் திகதி காத்திருக்காது. தொழிற்பயிற்சி அதிகாரசபை வழமையாக ஜனவரியிலும் யூலையிலும் ஆள் எடுக்கும், கணக்கை அதிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வதிவிடச் சான்றிதழ் தருகிற விதானையார் (கிராம அலுவலர்) இரண்டு பிரிவைப் பார்ப்பவராக இருந்தால், எந்த நாள் எந்தக் கந்தோர் என்று கோல் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். அந்தச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் தேவையா என்பதையும் முதலே கேளுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் அலைச்சல்.

வகுப்பு தொடங்கினால் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை. போக்குவரத்துக்கு மட்டும் காசு ஒதுக்குங்கள். பள்ளிப் பருவச்சீட்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட பாதைக்குத்தான். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போகிற பிள்ளை முழு ரிக்கற்தான் எடுக்க வேண்டும். வகுப்பு முடிகிற நேரத்துக்கும் கடைசி பஸ்ஸுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று சேர முதலே பாருங்கள்.

சனிக்கிழமை மேலதிக வகுப்பென்று பள்ளி அறிவித்தால் எதை விடுவது? அன்றைக்குப் பயிற்சியை விடலாம், ஆனால் வார நாள் பள்ளியை எதற்காகவும் விடாதீர்கள். ஏ.எல் பரீட்சைக்குப் பள்ளி மூலம் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். பயிற்சி நிலையமும் வரவு பார்க்கும்தான், ஆனால் அங்கே தவறிய செய்முறையை அடுத்த அணியோடு செய்யப் போதனாசிரியர் பெரும்பாலும் விடுவார்.

வேலைத்தளப் பயிற்சிதான் கடைசி முடிச்சு. பல கற்கைநெறிகளில் இது மாதக்கணக்கில், வார நாட்களில், முழுநேரம். பள்ளிப் பிள்ளையால் முடியாது. சேரும்போதே “ஏ.எல் முடிந்த பிறகு செய்யலாமா?” என்று கேட்டு, ஆமென்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் கிடைக்கிற காலம் அதற்குத் தாராளம். வாய்ப்பேச்சை நம்பினால், பொறுப்பதிகாரி மாறிப் போன பிறகு யாரிடம் கேட்பது?

பயிற்சியில் செய்த வேலைகளைச் சேர்த்து வைக்கிற கோவையை (ஃபைலை) வாராவாரம் நிரப்புங்கள். செய்த ஒவ்வொரு வேலையின் அச்சுப்பிரதியிலும் திகதியும் போதனாசிரியரின் கையொப்பமும் அன்றன்றே விழ வேண்டும். மதிப்பீட்டு நாளில் மதிப்பீட்டாளர்கள் புரட்டுவது அதைத்தான். மகளின் கோவையில் கையொப்பமில்லாத தாள்களை எண்ணாமலே ஒதுக்கி வைத்தார்கள். எல்லா அலகுகளிலும் தேர்ச்சி கிடைக்காவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. தேறிய அலகுகளுக்கு அடைவுப் பதிவு கிடைக்கும். மிச்ச அலகுகளுக்கு மட்டும் பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போதும் அதே அடையாள அட்டைப் பெயரையே எழுதுங்கள்.