வில்லேலின் கூர்முனைச் சிற்றாலயம்

மொரீசியசிலிருந்து இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குச் சென்றிருந்த எங்களை, அங்கேயே பிறந்து வளர்ந்த உறவுக்கார அத்தை வில்லேலில் உள்ள சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்றார். கூம்பாக உயர்ந்து நிற்கும் கூரையினால் அதற்குக் கூர்முனைச் சிற்றாலயம் என்று பெயர்.

பெருந்தோட்ட உடைமையாளரான ஒம்ப்லின் தெபாசேன் அம்மையார் 1841 முதல் 1843 வரை இதனைக் கட்டுவித்தார். நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த அவர் 1846இல் இறந்தார். மூன்று ஆண்டுகள் முடிவதற்குள், 1848 டிசம்பர் 20ஆம் நாள், தீவில் அடிமைமுறை ஒழிந்தது. முதலில் சேன்-போல் நகரில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் 1866இல் இச்சிற்றாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பக்தியுள்ள கொடையாளி என்று அவரைப் போற்றியவர்கள் உண்டு; எரிமலை பொங்கும் போதெல்லாம் அந்த நெருப்புக்குள் இருந்து அவர் அலறுவதாகச் சொல்லும் மக்கள் கதையும் உண்டு. 1932ஆம் ஆண்டுப் புயலில் பெரிதும் சிதைந்த கட்டடம் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது.

கல்லறையின் முன் முழந்தாளிட்டபோது என் மனம் அந்த அம்மையாரிடம் நிற்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, சொந்தப் பெயரையும் இழந்து கரும்புக் காட்டில் உழைத்து மடிந்தவர்களுக்கு இப்படி ஒரு கல்லறை இல்லையே என்ற துக்கமே நெஞ்சை அடைத்தது. அவர்களுக்காகத் தமிழில், இறந்தோருக்கான நித்திய இளைப்பாற்றிச் செபத்தைச் சொன்னேன். அருகில் அத்தை பிரெஞ்சில் மரியன்னையை வாழ்த்திக்கொண்டிருந்தார்.

அத்தையின் முன்னோர் காரைக்காலில் கப்பலேறி, அடிமைகள் விட்டுச் சென்ற வேலைக்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். மலபார் என்று இங்கு அழைக்கப்படும் தமிழ் வழியினர் பலரைப் போலவே அவரும் ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்கிறார். தீமிதித் திருவிழாவுக்கு விரதமும் இருக்கிறார். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்த மனத்தின் விரிவு எனக்கும் வேண்டும் என்று அன்று மன்றாடினேன்.

வீட்டுத் தோட்டத்தில் பறித்துவந்த செவ்வந்திப் பூக்களில் பாதியைப் பீடத்தின் அடியில் வைத்துவிட்டு, மீதியைக் கையில் ஏந்தியபடி அத்தை வெளியே நடந்தார். அதே வளாகத்தில் அடிமைகளுக்கான மருத்துவமனையாக இருந்த கற்கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் சுவரோரம் குனிந்து பூக்களை ஒவ்வொன்றாக வைத்தார்.