அம்மாவுக்கு உதவியாளர் கேட்டு அலைந்த கதை

ஒருவழியாக அம்மாவுக்குக் காலை நேர உதவியாளர் அனுமதி ஆகிவிட்டது. இதே வழியில் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

விண்ணப்பம், அடையாளச் சான்று, மருத்துவச் சான்றிதழ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வம்பு தொடங்கியது மதிப்பீட்டுக்கு ஆள் வந்த அன்றுதான். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு இடது கையும் காலும் சரியாக இயங்காது. வாக்கர் பிடித்து அறைக்குள் நடப்பார். வந்தவர் மதியம் வந்தார். அதற்குள் குளிப்பாட்டி, உடை மாற்றி, தலை வாரிவிட்டிருந்தேன். அம்மா பளிச்சென்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே குளிப்பீங்களாம்மா?"

"குளிச்சுக்குவேன் தம்பி."

"பாத்ரூம் போறதெல்லாம்?"

"அதுவும் போயிருவேன்."

முன்பின் தெரியாதவரிடம் எந்த அம்மாதான் "என்னைத் தூக்கி உட்கார வைக்கணும்" என்பார்? நான் வாயைத் திறந்தால் "அவங்களே சொல்லட்டும்" என்றார். முடிவுக் கடிதம் வந்தது: வீட்டில் கவனிக்க ஆள் இருப்பதால் கூடுதல் உதவி தேவையில்லை.

அந்த வரி இன்னும் எரிகிறது. வீட்டில் ஆள் இருந்துவிட்டால் தேவை தீர்ந்துவிடுமா? நான் வேலைக்குப் போனபின் கழிப்பறைக்குக் கூட்டிப்போக யாருமில்லை என்று அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். மலச்சிக்கல், அப்புறம் சிறுநீர்த் தொற்று. ஈரமான டயப்பரோடு உட்கார்ந்தே இருந்ததில் பிட்டத்தில் ஒரு சிவப்புத் தடம். விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அது. இவற்றில் ஒன்றைக்கூட எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

மேல்முறையீட்டுக்குப் போனால் எழுத்தர் "பிசியோதெரபிஸ்ட் அறிக்கை எங்கே?" என்றார். அவர்கள் கொடுத்த பட்டியலில் அது இல்லவே இல்லை. வாங்கிக்கொண்டு போனால், "கையெழுத்து இருக்கு, முத்திரை இல்லையே." முத்திரையோடு போன அன்று அந்த எழுத்தர் விடுப்பு. என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை முதல் நாளே கவுன்டரில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்மொழியை நம்பாதீர்கள்.

ஆனால் அந்த அறிக்கைதான் காப்பாற்றியது. பிசியோதெரபிஸ்ட் பார்தெல் குறியீட்டை வைத்து மதிப்பெண் போட்டிருந்தார். 1965-ல் வெளியான அளவுகோல். சாப்பிடுவது, குளிப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று 10 செயல்கள், மொத்தம் 100 புள்ளி. அதன் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதை அல்ல, அன்றாடம் உண்மையில் என்ன செய்கிறார் என்பதையே பதிய வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால்கூட அது தனித்துச் செய்வதாகாது. வாக்கரை வைத்து வாதாட வேண்டாம்; துணைக்கருவியோடு தானே செய்தால் தனித்துச் செய்ததாகவே கணக்கு. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கோடு போட்டு, மனுவோடு இணைத்தேன்.

கூடவே ஒரு நோட்டு. செய்ததை எழுதவில்லை, நடக்காமல் போனதை எழுதினேன். குளியல் தவறிய நாள், துணி நனைந்த நேரம், எழ முயன்று சரிந்த இடம். மறு மதிப்பீட்டைக் காலையில் வைக்கச் சொல்லிக் கேட்டேன், கொடுத்தார்கள். இந்த முறை வந்த அம்மையார் அம்மா படுக்கையில் இருக்கும்போதே வந்தார். "நானே எழுந்துக்குவேன்" என்று அம்மா ஆரம்பித்ததும், "சரிம்மா, எழுந்திரிங்க பார்க்கலாம்" என்றார். அம்மா என் பக்கம் கையை நீட்டினார். அவர் குறித்துக்கொண்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை!

உங்கள் வீட்டுப் பெரியவர் நன்றாக நடப்பார், ஆனால் மாத்திரையைத் தவறவிடுவார், சமைக்க முடியாது என்றால் பார்தெலில் அது தெரியாது. லாட்டன், பிராடி இருவரும் 1969-ல் வெளியிட்ட அளவுகோலில் சமையல், மருந்து, பண விவகாரம் எல்லாம் வரும். அதையும் போடச் சொல்லுங்கள்.

இரவுக்கு மட்டும் மறுத்துவிட்டார்கள், தூங்கும் நேரத்தில் உதவி எதற்கு என்று. படுக்கைப் புண் வராமலிருக்க இரவில் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் நேரங்களை இப்போது நோட்டில் குறித்து வருகிறேன். புதிய அறிக்கையும் வாங்கியாயிற்று. முத்திரை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.