ஆர்ச்சஸ் பூங்கா: எல்லாம் அந்த உப்பால் வந்தது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரில் தங்கிய அறையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பதிவு செய்யும்போது காட்டிய வாடகை ஒன்று, பணம் கட்டும்போது அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று ஏறியது வேறு. அந்தக் காசுக்குக் காலைச் சாப்பாடுகூடக் கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் காருக்கு 30 டாலர், உள்ளே இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து, ஏழு நாள் செல்லும். யூட்டாவில் கொடுத்த பணத்தில் மனசு நிறைந்தது இதற்கு மட்டும்தான்.

2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள்! பாலைவனம் என்றதும் காற்று குடைந்தது என்றுதான் பலரும் பேசிக்கொண்டு போகிறார்கள். தகவல் பலகைகளை நின்று படியுங்கள், அடியில் இருக்கும் உப்புதான் முக்கியக் காரணம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் திரும்பத் திரும்ப வந்து வற்றி, ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்பை விட்டுப் போனது. அதற்கு மேல் மணலும் சேறும் படிந்து பாறையாகி அழுத்த அழுத்த, உப்பு பிதுங்கி நகர்ந்து மேலே இருந்த பாறையைத் தூக்கி வளைக்க, அது வரிசை வரிசையாக விரிசல் விட்டது. விரிசல்கள் அரித்து அகன்றபின் நடுவே மிஞ்சியவைதான் அந்தச் செங்குத்தான மணற்கல் மதில்கள். மழைத்தண்ணீர் மணலைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்பைக் கரைக்கும், குளிர்காலத்தில் பனிக்கட்டியாகி விரிந்து கல்லைப் பெயர்க்கும். மதிலில் ஓட்டை விழுந்து பெரிதானால் வளைவு. ஒரு மதிலைத் தடவிப் பார்த்தேன், செந்நிறத் துகள் விரலோடு வந்தது. இரும்புத் துரு கொடுத்த நிறம் அது.

இந்த வேலை இன்னும் முடியவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ஏறக்குறைய 300 அடி அகலத்துக்குத் தூணே இல்லாமல் நிற்கும் லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991-இல் 60 அடி நீளப் பாறை பிய்ந்து விழுந்தது, அதனால் அதற்கு அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். அதே தடத்தில் இருந்த ‘வால்’ (Wall, அதாவது மதில்) வளைவு 2008-இல் ஒரே இரவில் மொத்தமாகச் சரிந்தது.

படம் எடுக்கத் தடத்தை விட்டு இறங்குகிறவர்களைக் கண்டால் கோபம்தான் வருகிறது. அந்தக் கறுப்பு மொரமொரப்பு மண் உயிருள்ளது, நுண்ணுயிர்கள் மணலைக் கட்டிப் பிடித்திருக்கும் மேலோடு. மிதித்தால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகும்.

சரி, செலவுக்கு வருவோம். பூங்காவுக்குள் சாப்பாடு விற்பதில்லை, ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் நுழைவாயில் பக்கத்துத் தகவல் மையத்தில் இலவசமாகப் பிடிக்கலாம். டெலிகேட் வளைவுக்குப் போய்வர ஐந்து கிலோமீட்டர், நிழலே இல்லாத ஏற்றம், வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள். ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் நான் லேண்ட்ஸ்கேப் பக்கம்தான் போகச் சொல்வேன், அந்தத் தடத்தில் பெரிய ஏற்றமும் இல்லை.