தனியாக இருக்க வேண்டியவருக்கான வீடு

தவீரா நகரத்திலிருந்து கடல் தெரியாது என்று சொன்னால், எங்களைப் பார்க்க வருகிறவர்கள் நம்புவதில்லை. கடலோர ஊரொன்றில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கப் போகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, 2021-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நானும் என் கணவரும் பிரிட்டனிலிருந்து போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வ் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். ஆனால் ஊருக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் நடுவே ரியா ஃபொர்மோசா என்னும் உப்பங்கழி, மணல் தீவுகளின் மறைவில், சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. ஊரை இரண்டாகப் பிரித்து ஓடும் ஜிலாவ் ஆறு இந்தக் கழியில்தான் கலக்கிறது. கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் குவாத்ரோ ஆகுவாஸ் துறைக்குப் போய்ப் படகேறித் தீவுக்குச் செல்ல வேண்டும். கோடையில் அது இன்பமான பயணம். ஜனவரியில் எதிர்க்காற்றில் அந்தப் படகுக்காகக் காத்திருக்கும்போது, வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

வீட்டிலும் குளிர்தான் என்பது வேறு கதை. கோடை வெப்பத்தை வெளியே நிறுத்துவதற்காகவே கட்டப்பட்டவை இங்குள்ள பழைய வீடுகள்: தடித்த சுவர்கள், ஓடு பதித்த தரை, சிறிய ஜன்னல்கள். வெளியே பகலில் 16 டிகிரி வெயில் இதமாக அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே கம்பளிக்குள் சுருண்டிருப்போம். அறை முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு பெரும்பாலான வீடுகளில் கிடையாது. முதல் குளிர்காலத்திலேயே அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்தது. ஈரப்பதத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கி, அதன் தொட்டியில் சேரும் தண்ணீரை நாள்தோறும் கொட்டுவது என் வேலையாயிற்று.

அந்த முதல் வீட்டை நாங்கள் தேர்ந்தெடுத்தது காட்சிக்காக. கோட்டை மேட்டில், இவ்வூருக்கே உரிய நாற்சரிவுக் கூரைகளையும், தொலைவில் உப்பளங்களையும், அவற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகளையும் மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். அதற்கு 27 படிகள் ஏற வேண்டும். இருவருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு என்பதால், அது ஒருவருக்குப் பொருந்துமா என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு நள்ளிரவில் என் கணவருக்கு நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கியது. நான் 112-ஐ அழைத்தேன். முகவரியைச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த போர்ச்சுகீசியம் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் போதவில்லை. நல்லவேளையாக எதிர்வீட்டு அம்மாள் சத்தம் கேட்டு வந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார். ஆம்புலன்சில் நானும் ஏறியபோது வீட்டைப் பூட்டக்கூட நினைவில்லை. அவர் ஓடிவந்து 'ஷாவ்', 'ஷாவ்' என்று கையை நீட்டினார். பதறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அந்தச் சொல் மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பின்றி விளங்கியது, ஏனென்றால் நம் சாவியே அதிலிருந்து வந்ததுதான். ஜன்னலும் மேசையும் அலமாரியும் அப்படியே. வீட்டுப் பொருள்களின் பெயர்கள் பாதி தெரிந்திருந்தும், வலியைச் சொல்லும் சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்.

ஃபாரோ நகரின் அரசு மருத்துவமனையில் அவரை நான்கு நாள் வைத்திருந்தார்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறியிருந்தது, மருந்துகளால் சரியாயிற்று. செலவைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கு எஸ்1 என்றொரு படிவம் உண்டு. அதை இங்குள்ள சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு செய்தால் போர்ச்சுகலின் பொது மருத்துவ சேவையைக் குடிமக்களைப் போலவே பெறலாம், அதற்கான பொறுப்பைப் பிரிட்டன் ஏற்றுக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகும் இந்த ஏற்பாடு நீடிக்கிறது. எங்கள் ஓய்வூதியமும் ஆண்டுதோறும் உயர்கிறது. இந்தியாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்க் குடியிருந்தால் அது அங்கு போன நாளின் அளவிலேயே உறைந்து நின்றுவிடும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரியாமல் ஊர் தேர்ந்தெடுத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

ஆனால் அந்த நான்கு நாள்களில் நான் கண்டுகொண்டது வேறு. வரி அலுவலக இணையதளத்தின் கடவுச்சொல் அவர் மனத்தில் இருந்தது. மின்சார ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. காரை அவர் மட்டுமே ஓட்டினார். இங்கே பணம் எடுக்கும் இயந்திரத்திலேயே நிறுவன எண், குறிப்பு எண், தொகை என மூன்றை அழுத்திப் பெரும்பாலான கட்டணங்களைச் செலுத்திவிடலாம். அவர் மாதந்தோறும் செய்துவந்த அந்த எளிய வேலையை நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. அவருக்கோ மருந்துச் சீட்டு எங்கே இருக்கிறது, குடும்ப மருத்துவரின் நேரத்தை எப்படிப் பதிவு செய்வது என்பது தெரியாது. நாங்கள் இருவரும் சேர்ந்தால் மட்டுமே ஒரு முழு ஆளாக இருந்தோம் என்பதை இருவருமே கவனித்திருக்கவில்லை.

ஓய்வூதியம் போன்ற நிலையான வருமானம் உள்ளவர்கள் இங்கே குடியேறுவதற்கான டி7 விசாவுக்கு நாங்கள் விண்ணப்பித்தபோது, விண்ணப்பதாரருக்குப் போர்ச்சுகலின் குறைந்தபட்ச ஊதிய அளவும் துணைவருக்கு அதில் பாதியும் மாத வருமானமாகக் காட்ட வேண்டியிருந்தது. 2021-இல் 665 யூரோவாக இருந்த அந்த ஊதியம் 2025-இல் 870 ஆகிவிட்டது. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு 10 சதவீத வரி என்ற சலுகையும் எங்களுக்குக் கிடைத்தது. 2024 முதல் அந்தத் திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இவற்றையெல்லாம் பற்றிப் பேச எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள். இருவரில் ஒருவர் இறந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பேச்சு பூநாரைக்குத் தாவிவிடுகிறது.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, ஒருவர் கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டமே அவருடைய சொத்துக்குப் பொருந்தும். போர்ச்சுகல் சட்டத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு கட்டாயமாக ஒதுக்கப்படுகிறது. உயில் எழுதினாலும் அதை மீற முடியாது. தன் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் தெளிவாக எழுதிவைத்தால் மட்டும் அந்த வழி திறக்கும். துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் வாரிசுச் சொத்தின் மீதான 10 சதவீத முத்திரை வரி கிடையாது. ஆனால் இறப்பு நிகழ்ந்த மாதத்துக்கு அடுத்த மூன்றாம் மாதம் முடிவதற்குள் சொத்து விவரத்தை வரி அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண், கடவுச்சொல் தெரியாமல், வேற்று மொழியில், இதைச் செய்ய வேண்டும். நாங்கள் இருவரும் சென்ற ஆண்டு நோட்டரி முன்பாக உயில் எழுதிவிட்டோம். திரும்பும் வழியில் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் பக்கத்து மீனவ ஊரான சாந்தா லூசியாவுக்குப் போய் ஆக்டோபஸ் சாப்பிட்டோம்.

வீட்டையும் மாற்றிவிட்டோம். இப்போதிருப்பது ரயில் நிலையத்துக்கு அருகே, தரைத்தளத்தில், எந்தக் காட்சியும் இல்லாத வீடு. தெற்கு நோக்கிய ஜன்னல் வழியாகக் குளிர்காலச் சூரியன் மதியம்வரை உள்ளே வருகிறது. கார் ஓட்டாமலேயே ஃபாரோவுக்குப் போய்வர முடிகிறது. தேடும்போது நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன்: இங்கே நான் மட்டும், அல்லது அவர் மட்டும், ஒரு பிப்ரவரி மாதத்தைக் கழிக்க முடியுமா?

புதன்கிழமைகளில் வேலைகளை மாற்றிக்கொள்கிறோம். நான் இயந்திரத்தில் தண்ணீர்க் கட்டணத்தைச் செலுத்துகிறேன். அவர் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறார். தடுமாறும்போது உதவக்கூடாது என்பது நிபந்தனை. நேற்று அவர் மருத்துவரின் நேரம் கேட்கப் போய், காத்திருப்பு இசையைப் பதினெட்டு நிமிடம் கேட்டுவிட்டு, கடைசியில் தவறான தேதியை எழுதிவைத்திருக்கிறார். அடுத்த புதன்கிழமை அவரே அதை மாற்ற வேண்டும்.