உளுந்துச் செடி காட்டிக்கொடுத்த சத்தம்

தை மாதக் கடைசியில்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குத் தினமும் காரில் போய் வருகிறவன் நான். வேகம் 40-ஐத் தாண்டியதும் பின்சீட்டுப் பக்கமிருந்து ஊ... என்று ஓர் இரைச்சல், தூரத்தில் ரைஸ் மில் ஓடுகிற மாதிரி. 60-இல் பாட்டைக் கூட்டி வைக்க வேண்டியிருந்தது. 70-இல் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. பிரேக்கில் கால் வைத்தால் சுருதியும் கூடவே இறங்கும்.

இன்ஜினோ கியர்பாக்ஸோ போய்விட்டது என்றுதான் முதலில் பயந்தேன். ரோடு காலியாக இருந்த ஒரு காலையில் 60-இல் போய்க்கொண்டே கிளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் அடங்கியது, இரைச்சல் அடங்கவில்லை. சரி, சக்கரத்தில்தான் ஏதோ.

வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "பின் பேரிங் சார், லெஃப்ட்டு." கூலியோடு 3,200 ரூபாய். கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் ரைஸ் மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. போன் செய்தால், "அப்ப ரைட்டு பேரிங்கா இருக்கும்" என்கிறார்.

அவர்மேல் முழுக்கப் பழி போட மாட்டேன். பேரிங் இரைச்சலும் டயர் இரைச்சலும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரிதான். ஆனால் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, அதை அவர் செய்யவில்லை. ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் அசைத்தால் வண்டியின் பாரம் பக்கம் மாறும். கெட்ட பேரிங் பாரம் ஏறும்போது அதிகமாகக் கத்தும், இறங்கும்போது குறையும். அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. என் வண்டியில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது.

குட்டு உடைந்தது பங்குனியில். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளித்த உளுந்தும் பயறும் அப்போதுதான் களத்துக்கு வரும். களம் என்றால் எங்கள் பக்கம் பாதி நேரம் தார் ரோடுதான். செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டிகளே மிதித்துக் கொடுக்கும். (கொடி அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, எனக்கு அது எப்போதும் பயம்தான்.) அன்று 40-க்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருந்தவன், எதிரே பஸ் வந்ததால் ஒதுங்கி அந்தச் செடிமேல் ஏற்றினேன். இரைச்சல் சட்டென்று நின்றது. பத்திருபது அடி தாண்டித் தாரில் இறங்கியதும் திரும்ப வந்துவிட்டது. வேகம் மாறவே இல்லை.

பேரிங்குக்குக் கீழே தார் இருந்தால் என்ன, உளுந்து இருந்தால் என்ன? அது சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ரோடு மாறும்போது சத்தம் மாறுகிறது என்றால், ரோட்டைத் தொடுகிற பொருள்தான் கத்துகிறது. யோசித்துப் பார்த்தால் புதிதாகத் தார் போட்ட இடங்களில் குறைவதும், ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் பழைய ரோட்டில் கூடுவதும் முன்பே நடந்ததுதான். கவனிக்கவில்லை.

அன்று மாலையே தஞ்சாவூரில் ஒரு டயர் கடைக்குப் போனேன். அறுபதை ஒட்டிய வயசுக்காரர், மெஷினைத் தொடவே இல்லை. பின்சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "தம்பி, கையக் குடுங்க" என்று என் உள்ளங்கையை டயரின் பட்டன்மேல், அதாவது ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டைகள்மேல் வைத்து, வண்டியின் உள்பக்கத்திலிருந்து வெளியே தடவ வைத்தார். வழவழ. "இப்ப வெளிய இருந்து உள்ள இழுங்க." அரத்தில் கை வைத்ததுபோல விரல் ஒவ்வொரு பட்டனிலும் தட்டியது. பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை, பட்டன் நன்றாகத்தான் இருந்தது. உள்பக்க ஓரத்தை டார்ச் அடித்துக் காட்டினார். அங்கே தேய்மானக் கோட்டை, அதாவது 1.6 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போது பட்டனோடு சமமாகும் அந்தச் சின்ன மேட்டை, ரப்பர் தொட்டுக்கொண்டிருந்தது.

"சக்கரம் முன்பக்கம் வெளிய விரிஞ்சு ஓடியிருக்கு. டயர் உருளாம இழுபட்டிருக்கு. அதான் உள்ஓரத்தைத் தின்னுருக்கு."

"பின்சக்கரத்துல ஏதுண்ணே அலைன்மென்ட்?" என்று கேட்டேன். அலைன்மென்ட் என்றால் சக்கரம் நேராகப் பார்க்கும்படி திருப்பி வைப்பது. இந்த மாதிரிச் சின்னக் கார்களில் பின் ஆக்சில் ஒரே கட்டை, திருப்பி வைக்க அதில் போல்ட் கிடையாது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

அவர் என்னையே திருப்பிக் கேட்டார்: "டயரை எப்ப மாத்திப் போட்டீங்க?"

பொங்கலுக்கு முன்னால். முன்டயர் இரண்டையும் அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்கும், பின்டயர்களைக் குறுக்கே முன்னுக்கும். அப்போதுதான் விளங்கியது. பின்னால் கத்துகிற டயர்கள் தை வரை முன்னால் ஓடியவை. கோளாறு முன்னால், சத்தம் பின்னால்! ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு, தண்ணீர் நின்ற பள்ளம் தெரியாமல் மதகு ஓரத்தில் முன்சக்கரத்தைத் தடாலென்று இறக்கியது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் ஒரு விரல்கடை வலப்பக்கம் சாய்ந்தே இருக்கும். ரோடு சரிவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியே மூன்று மாதத்தில் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்.

இருந்தாலும் ஒருமுறை பேரிங்கில் ஏமாந்தவன். நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றேன். 200 ரூபாய்க்கு முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிக் கொடுத்தார். பைபாஸில் ஒரு சுற்று போனேன். ரைஸ் மில் பின்சீட்டை விட்டு என் காலடிக்கு வந்திருந்தது. இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இடப்பக்கம் லேசான ஆட்டம், டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கிற மூட்டு. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது ஆட்டம் இல்லை. ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் கம்ப்யூட்டரில் பச்சை காட்டும், அடுத்த பள்ளத்தில் மறுபடி கலையும் என்றார். டை ராடு எண்டை மாற்றிய பிறகுதான் மெஷினில் ஏற்றினார். இடது சக்கரம் 0.30 டிகிரி வெளியே விரிந்திருந்தது. அதைச் சரிசெய்ததும் ஸ்டியரிங் நேராக நின்றது.

சத்தம் போகவில்லை. போகாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அலைன்மென்ட் இனிமேல் வரும் தேய்மானத்தைத்தான் தடுக்கும், அரமாகிவிட்ட ரப்பரைத் திரும்ப வழவழப்பாக்காது. அலைன்மென்ட் செய்தும் சத்தம் நிற்கவில்லை என்று பலர் கடைக்காரரிடம் சண்டை போடுவது இதனால்தான். பட்டன் நிறைய மிச்சமிருந்தால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு தேய்த்து ஓட்டலாம். என் டயர்களில் உள்ஓரம் கோட்டைத் தொட்டுவிட்டது. பக்கவாட்டில் தேதி எண் 3521, அதாவது 2021-இன் 35-ஆவது வாரம். வயசாகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு புது டயர் 8,600 ரூபாய்.

புதுசை முன்னால் போடுவதுதான் இங்கே பழக்கம். நான் பின்னால் போடச் சொன்னேன், அவரும் தலையாட்டினார். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

இப்போது வண்டி ஓடுவதே தெரியவில்லை. அந்தப் பழைய பேரிங் என் மேஜையில் கரண்ட் பில்லுக்குப் பாரமாகக் கிடக்கிறது. ஃபேன் காற்றில் பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொள்ளும். விரலால் சுண்டிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது.